ஐந்தாவது பல்

எனக்கு முன்கோபம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது மட்டும் இல்லாமல் இருந்தால், பிரித்திகா அன்றைக்குக் காட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லி டீ குடிக்கப் போயிருப்பேன்.

என் பெயர் தேன்மொழி. திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ராமகுப்பம் மண்டலத்தில் புதுக்குட்டை. தமிழ் பேசுகிற இருபத்தாறு வீடு, இருபத்தாறு வீட்டுக்கும் பட்டுப்புழுதான் பிழைப்பு. எனக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "அது சாட்டிலைட்டு பாத்துகினு கீது" என்பார்கள். நான் ஏதோ மொட்டை மாடியில் நின்றுகொண்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதாக அவர்களுக்கு நினைப்பு. உண்மையில் சாட்டிலைட்தான் நம்மைப் பார்க்கிறது. அது அனுப்புகிற படத்தை நாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அதில் எனக்குப் பிடித்தது மல்பெரித் தோட்டங்களைப் பார்ப்பது. பட்டுப்புழு மல்பெரி இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. எழுபது நாளைக்கு ஒருமுறை புழு வளர்ப்பார்கள். அது பெரிதாகிக் கூடு கட்டுவதற்குள் தோட்டம் முழுவதையும் கிளையோடு அறுத்துப் போட்டாக வேண்டும். தோட்டம் மொட்டையாகும், மறுபடி துளிர்க்கும், பச்சை ஏறும், மறுபடி மொட்டை. ஐந்து நாளைக்கு ஒருமுறை தலைக்கு மேலே போகும் சாட்டிலைட் அந்தப் பச்சையை அளந்துகொண்டே இருக்கிறது. அளந்ததைக் கோடாக இழுத்தால் ரம்பம் மாதிரி வரும். ஓர் அறுப்புக்கு ஒரு பல். ஜூனில் தொடங்கி எண்ணினால் வருஷத்துக்கு ஐந்து பல். ஏப்ரலில் வருவது ஐந்தாவது.

குப்பம் பக்கத்தில் பல ஊர்களில் அந்த ஐந்தாவது பல்லைக் காணோம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் ரமணா சார். நகரியில் பவர்லூம் ஓடும் வீட்டில் பிறந்தவர். எதைப் பார்த்தாலும் எங்கே இழை அறுந்திருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார். ஏப்ரல் வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிவிட்டது, ஷெட்டுக்குள் புழு தாங்குவதில்லை, அதனால் அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பருவத்தையே விட்டுவிட்டார்கள். எந்த ஊரில் எந்த வருஷம் பல் விழுந்தது என்று படம் போட்டால் வெயில் செய்த வேலை அப்படியே தெரியும். அதை வைத்து, அதிகம் அடிபட்ட பத்து ஊர்களுக்குக் குளிர் ஷெட் கட்டித் தர ஒரு திட்டம் வந்தது. வெயிலைத் திருப்பியடிக்கும் கூரை, உள்ளே புகைபோலத் தண்ணீர் தூவும் குழாய். மே பத்தாம் தேதி சித்தூரில் கூட்டம். அதற்குள் பத்து ஊர் பட்டியலை நாங்கள் கொடுக்க வேண்டும்.

என் அண்ணன் ஏழுமலைக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. வாரத்துக்கு ஒரு போன்.

"இன்னாடி, லிஸ்ட்டுல நம்ம ஊரு கீதா?"

"இன்னும் முடியலண்ணா. உனக்கு போன வருசம் ஏப்ரல் பயிரு எப்பிடி?"

"சூப்பரா வந்துச்சு."

"சூப்பரா வந்தா அப்பால குளிர் ஷெட்டு எதுக்கு?"

"இன்னும் சூப்பரா வர்றதுக்கு. கேள்வி கேட்டுகினு இருக்காம வேலையப் பாரு."

அவனை நான் எதிர்த்துப் பேசுவேனே தவிர, அவன் கேட்டதைச் செய்யாமல் இருக்க முடியாது. 2019 ஜூலையில் என்னை எம்.எஸ்சி. சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுப் போனவன் அவன்தான். "ஏப்ரல் கூடு அமோகம்டி, படி" என்றான். அன்றைக்கு அவன் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, நகக்கண் மஞ்சளாக இருந்தது. என்னவென்று கேட்டேன். "ஷெட்டு கழுவுற ப்ளீச்சிங் பவுடரு" என்றான். அறிவியல் படித்த நான் அதை அப்படியே நம்பினேன்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன்.

ஏப்ரல் ஏழாம் தேதி பிரித்திகா அதைத் திரையில் திறந்தாள். படங்களை அலசுவது அவள் வேலை. எங்கள் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் நடிமிபள்ளி மூன்றாவது இடத்தில் இருந்தது. புதுக்குட்டை பத்திலும் இல்லை, இருபதிலும் இல்லை. கடைசியில் இருந்தது.

"உன் கோடு தப்பு" என்றேன்.

"எட்டு வருஷம், இருபத்தாறு தோட்டம். ஒண்ணு விடாம அஞ்சு பல். நீயே எண்ணிப் பாரு."

"தப்புன்னா தப்பு!"

கத்திவிட்டேன். பிரித்திகாவுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். சத்தம் கேட்டு ரமணா சார் வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தரையின் சூட்டைக் காட்டும் படத்தைத் திறந்தார். நடிமிபள்ளியும் புதுக்குட்டையும் ஒரே சிவப்பு.

"வெயில் ஒண்ணு, செடி ஒண்ணு, கூரை கூட அதே சிமெண்ட் ஷீட்டு. அங்க புழு சாவுது, உங்க ஊர்ல சாவல. ஏன்?" அவர் கண் விரிந்தது. "தேன்மொழி, உங்க ஊருக்காரங்க என்னமோ கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்கம்மா. அது தெரிஞ்சா பத்து ஊரு என்ன, ஜில்லா முழுக்கப் பொழைக்கும். போ. போய்க் கண்டுபிடி."

என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அது என்னவாக இருக்கும் என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. மறுநாள் காலை சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து எழுதினேன். கூரையில் சுண்ணாம்பா? வேப்ப மர நிழலா? ஈரச் சாக்கா? புழுவே வேறு ரகமா? சித்தூரில் பஸ் மாறி, பலமனேரில் டீ குடித்து, குப்பம் வருவதற்குள் பதினொரு காரணம் எழுதியிருந்தேன். எங்கள் ஊர் ஜனங்கள் விஞ்ஞானிகளுக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரே பெருமை.

ஊர் போய்ச் சேர மூன்று மணி ஆனது. அண்ணன் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தான். கதவு சாத்தியிருந்தது. படியில் ப்ளீச்சிங் பவுடர் கோடு.

"உள்ள வராதடி. நாலாம் ஜுரம். காலையிலதான் படுத்துச்சு."

பட்டுப்புழு நான்கு முறை தோல் உரிக்கும். அந்த ஒரு நாள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், எதுவும் தின்னாது. அதை எங்கள் பக்கம் ஜுரம் என்போம். ஜுரத்தின்போது வெளியாளை விடமாட்டார்கள்.

"நான் வெளியாளா?"

"பஸ்ஸுல எத்தினி பேரு மேல ஒரசிகினு வந்தியோ. போ, போய் காப்பி துண்ணு."

"காப்பிய எவனாவது துன்னுவானா?"

"போடி!"

வெப்பம் அளக்கும் கருவியைக் கூரைக்கு நேராகப் பிடித்தேன். ஐம்பத்திரண்டு டிகிரி. சுண்ணாம்பு இல்லை, நிழல் இல்லை, ஈரச் சாக்கு இல்லை. நோட்டில் மூன்றை அடித்தேன்.

வீடு வீடாகப் போனேன். எல்லா ஷெட்டும் சாத்தியிருந்தது, எல்லா வீட்டிலும் நாலாம் ஜுரம். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குஞ்சுப் புழுவை எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே நாளில்தான் வாங்குவார்கள். புழு எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில். "அமோகம்." ஊரிலேயே பெரிய தோட்டம் ரங்கையா மாமாவுடையது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நம்ம கைராசி அப்பிடி. நடிமிபள்ளிக்காரனுக்கு இன்னா தெரியும்?"

"கூடு கட்டுற அன்னிக்கு ஆளு வேணுமே மாமா. சொன்னா நானும் வந்து புழு பொறுக்குவேன்."

"ஏப்ரல்ல ஆளு எதுக்கு? பாதிப் புழுதான் வெக்கிறோம். வூட்டு ஆளே போதும்."

எனக்கு அது கொஞ்சம் இடித்தது. கூடு கட்டும் நாளில் பழுத்த புழுவை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது கூடு கட்டுகிற மூங்கில் தட்டில், விட வேண்டும். பத்து கை இல்லாமல் நடக்காது. இந்த வீட்டுக்கு அவர்கள் வருவார்கள், அந்த வீட்டுக்கு இவர்கள் போவார்கள், தட்டும் அப்படித்தான் கைமாறும். ஆனால் ஏப்ரலில் மட்டும் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லையாம். அடுத்த நான்கு வீட்டிலும் கேட்டேன். "பாதிப் புழுதான், வூட்டு ஆளே போதும்." மனப்பாடம் செய்தது போல நான்கு பேரும் சொன்னார்கள்.

ஐந்தரைக்குப் பால் வண்டி வந்தது. ஓட்டுகிற பிரவீன் கேன்களை ஏற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டான்.

"அக்கா, உங்க ஊரு மாடுங்களுக்கு இன்னாதான் போடுறீங்க? ஏப்ரல் வந்தா எல்லா ஊர்லயும் பாலு வத்திப்பூடுது. இங்க மட்டும் எனக்குக் கேன் பத்தல."

"எப்பவுமா?"

"வருசா வருசம். ஏப்ரல்ல மட்டும்."

நோட்டில் அதையும் குறித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அண்ணி ஸ்ரீதேவி தோட்டத்திலிருந்து தலையில் இலைக்கட்டோடு வந்தாள். பச்சைப் பசேலென்று மல்பெரி, அப்போதுதான் அறுத்தது. ஜுரத்தில் கிடக்கும் புழு தின்னாது. ஒரு இலை கூடத் தின்னாது. புழு வளர்க்கிற வீட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அப்புறம் இந்தக் கட்டு யாருக்கு?

பின்னாலேயே போனேன். அண்ணி ஷெட் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்த் தொட்டியில் போட்டாள். மாடு இரண்டும் அவசர அவசரமாகத் தின்றன. தொட்டியின் அடியில் கை விட்டுப் பார்த்தேன். நேற்றைய குச்சி, முந்தாநாள் குச்சி, எல்லாம் மல்பெரிக் குச்சி. அண்ணி என்னைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போய் ப்ளீச்சிங் கோட்டைத் தாண்டி ஷெட் கதவைத் தள்ளினேன்.

உள்ளே அனல். தட்டுகள் கழுவிக் கவிழ்த்து அடுக்கியிருந்தன. ஒரு புழு இல்லை. அண்ணன் ஒரு மூலையில் காலியான அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜுரத்தில் கிடக்கும் புழுவுக்குக் காவல் இருக்க வேண்டுமே, அதற்காக உட்கார்ந்திருக்கிறான்.

"எப்ப செத்துச்சு?"

"நாலு நாளாச்சு." எழுந்திருக்கவில்லை. "மூணாம் ஜுரம் தாண்டல. தொவண்டு, கருத்து, அப்பிடியே. குழி தோண்டிப் போட்டுட்டேன்."

"போன வருசம்?"

வாசலில் வந்து நின்ற அண்ணி சொன்னாள். "கேளு தேனு, நல்லா கேளு. எத்தினி வருசம்னு கேளு. செத்த புழுவுக்கு நான் தெனம் ரெண்டு வேள இலை அறுத்துகினு கீறேன்."

"எதுக்குண்ணா அறுக்கணும்? இலைய உட்டுட வேண்டியதுதானே?"

"தோட்டத்துல இலை நின்னா ஊருக்குத் தெரிஞ்சிடும்டி." அவன் குரல் இறங்கிவிட்டது. "புழு செத்த வூடுன்னு பேரு வந்துச்சுன்னா நோவு கீற ஷெட்டுன்னு ஒதுக்கிடுவாங்க. ஒருத்தன் சந்திரிகை குடுக்க மாட்டான். ஜூன் பயிருக்குப் புழு பொறுக்க ஒரு கை வராது. ஒரு பயிரு போனா பரவால்ல, அஞ்சும் போயிடும். உனக்குத் தெரியாததா? தாத்தா ஆயுசுக்கும் எவன் தோட்டத்துலயோ இலை அறுத்தாரு. நைனா பேர்லதான் மொத மொதல்ல பட்டா வந்துச்சு. இவனுங்க கையில புழு பொழைக்குமான்னு கேட்டவன் இன்னும் உசுரோட கீறான்."

"கூடு விக்கலன்னா கேக்க மாட்டாங்களா?"

"சாக்குல கழிவுக் கூட்ட அடைச்சிகினு ராமநகரம் மார்க்கெட்டுக்குப் போறேன்னு கெளம்புவேன். குப்பம் பஸ் ஸ்டாண்டுல பகலெல்லாம் குந்திட்டு வந்துடுவேன். போன வருசம் அங்க ரங்கையா மாமா வேற வந்துட்டாரு, அவுரும் சாக்கோட. இன்னாடா ரேட்டுன்னாரு. நல்ல ரேட்டு மாமான்னேன். எனக்கு உசுரே இல்ல."

"அவரு பஸ்ஸு ஏறினாரா?"

"நான் எங்க பாத்தேன்? அவுரு போற வரிக்கும் கக்கூஸ் சந்துல ஒளிஞ்சிகினு இருந்தேன்."

"அண்ணா, நீ போற வரிக்கும் அவரு எங்க ஒளிஞ்சிகினு இருந்தாரு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொம்மா உளறாத. அவுருது செத்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"உன்னுது செத்தது அவருக்குத் தெரியுமா?"

நான் போனை எடுத்துக் கோடுகளைக் காட்டினேன். இருபத்தாறு ரம்பம், எல்லாவற்றிலும் ஏப்ரல் பல். நடிமிபள்ளிக் கோட்டையும் காட்டினேன். "அவங்க புழு வெக்கிறத நிறுத்திட்டாங்க, அறுப்பயும் நிறுத்திட்டாங்க, அதனால லிஸ்ட்டுல மூணாவது. நீங்க மாட்டுக்கு அறுத்துப் போட்டு போட்டு, உங்க ஊருக்கு வெயிலே அடிக்கலன்னு எழுதி வெச்சிருக்கீங்க. நீ போன்ல ஷெட்டு ஷெட்டுன்னு கேக்குற, இங்க தெனம் ரெண்டு வேள அத நீயே அறுத்துப் போட்டுகினு கீற. மேல இருந்து பாக்குற அதுக்கு இலை நிக்குதா இல்லையான்னுதான் தெரியும். உங்க மானம் மரியாத எல்லாம் அதுக்குத் தெரியாது. அறுக்காத. தோட்டத்த அப்பிடியே உடு."

"முடியாதுடி."

"அப்ப இந்த வருசத்தோட செடியப் புடுங்கிட்டு பெங்களூர்ல வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னு சொன்னியே, அத அவகிட்ட சொல்லு" என்றாள் அண்ணி. பிறகு இடுப்பில் சொருகியிருந்த அரிவாளை எடுத்துத் தட்டு மேல் வைத்தாள். "நாளையிலேர்ந்து நான் அறுக்க மாட்டேன். நீ அறுத்தா அறுத்துக்கோ."

மறுநாள் காலை பஸ் ஏறும்போது என் பையில் ஒரு படிவம் இருந்தது. களத்தில் பார்த்ததை எழுதும் படிவம். விவசாயி பெயர், கையெழுத்து, என்ன நடந்தது. "ஏழுமலை" என்று எழுதி, அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் மறைத்து வைத்ததை நான் ஆபீஸில் கொண்டுபோய்ப் பரப்பினால் நான் என்ன தங்கை? எழுதாவிட்டால் ஊருக்கு ஷெட் இல்லை, அவனுக்குத் தோட்டம் இல்லை.

ரமணா சார் ஆசையாகக் கேட்டார். "என்னம்மா ரகசியம்?"

"இன்னும் முடியல சார். ரெண்டு பாஸ் பொறுங்க."

பாஸ் என்றால் சாட்டிலைட் ஒருமுறை கடந்து போவது. பத்து நாள் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று போய்விட்டார்.

ஏப்ரல் பதிமூன்றாம் தேதிப் படத்தில் இருபத்தாறு தோட்டத்திலும் ஓரம் வெளுத்திருந்தது. வழக்கம்போல அறுப்பு நடக்கிறது. அண்ணனுடையதும் கால்வாசி மொட்டை. அது நான் ஊருக்குப் போவதற்கு முன்னால் அறுத்ததா, திரும்பி வந்த பிறகு அறுத்ததா என்று எப்படித் தெரியும்? போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த படம் பதினெட்டாம் தேதி. காலையிலிருந்து திரையை விட்டு நகரவில்லை. வந்தது. வெள்ளையாக ஒரே மேகம். மாங்காய் மழை என்கிற இந்தக் கோடை மழைக்கு ராமகுப்பத்தின் மேல் வேறு நேரமா கிடைக்கவில்லை! மேசையில் ஓங்கிக் குத்தினேன், பிரித்திகாவின் டீ கொட்டியது. அவள் துடைத்துவிட்டு, "இருபத்தி மூணு வரும்ல" என்றாள். ஐந்து நாள் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருபத்து மூன்றாம் தேதி வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மற்ற வருஷமாக இருந்தால் அன்றைக்குள் இருபத்தாறும் மொட்டையாகியிருக்கும். பிரித்திகா படத்தைத் திறந்து பெரிதாக்கினாள்.

வடமேற்கு மூலையில் ஒரு கட்டம் கரும்பச்சையாக நின்றது. ஓரத்தில் கால்வாசி மட்டும் வெளுப்பு. பதிமூன்றாம் தேதிப் படத்தில் இருந்த அதே கால்வாசி. அண்ணன் தோட்டம். பதிமூன்றாம் தேதிக்குப் பிறகு அங்கே ஒரு கிளை கூட அறுபடவில்லை.

ஆனால் படத்தில் இருந்தது அது மட்டும் இல்லை. பக்கத்துத் தோட்டம் மூன்றில் ஒரு பங்கில் நின்றிருந்தது. அதற்கடுத்தது பாதியில். ரங்கையா மாமாவின் பெரிய தோட்டம் பாதியைத் தாண்டி நின்றிருந்தது. எந்த வீடு எந்த நாளில் அரிவாளைக் கீழே வைத்தது என்று படத்திலேயே வாசிக்க முடிந்தது. முழுக்க மொட்டையானவை நான்கே நான்கு.

"உங்க ஊர்ல என்ன நடக்குது?" என்றாள் பிரித்திகா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவளைக் கட்டிப் பிடித்தேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

அன்றைக்கு அண்ணனே போன் செய்தான்.

"இலை அப்பிடியே நின்னுச்சாடி. நாலாம் நாளு ரங்கையா மாமா வரப்புல வந்து நின்னாரு. ஏண்டா அறுக்கலன்னாரு. செத்துப்பூச்சு மாமான்னேன். அவ்ளோதான், அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அந்த ஆளு அப்பிடியே வரப்புல குந்திட்டாரு. எனக்கு ஆறு வருசமாடான்னாரு."

"பஸ் ஸ்டாண்டு கேட்டியா?"

"கேட்டேன்." அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "டீக்கடைக்குப் பின்னாலயாம். சாக்கு மேல குந்திகினு."

இரண்டு பேரும் போனில் சிரித்து முடிக்க வெகு நேரமானது.

ரமணா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாட்டுக்கா போட்டாங்க! எட்டு வருஷமா நான் மாட்டுத் தீனியப் பாத்துட்டு ஆராய்ச்சி பண்ணிருக்கேன்!" ஐந்து நிமிஷம் சிரித்துவிட்டு, இறுகிப்போனார். "ஆனா ஒரு வருஷத்துப் படம் போதாதும்மா. முந்தின வருஷம் எல்லாத்துலயும் பல்லு இருக்கு. அது பொய்ப் பல்லுன்னு யாரு சொல்லுவா? அவங்களே கையெழுத்துப் போட்டுச் சொல்லணும்."

சொன்னார்கள். மே பத்தாம் தேதி அண்ணன் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது அவன் கையில் இருபத்தாறு படிவம் இருந்தது. முழுக்க அறுத்த அந்த நான்கு வீடும் அதில் இருந்தது. கூட்டம் நடந்த கட்டடத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் அவனை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் முறை வர நேரமிருந்தது. படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்த வருஷத்திலிருந்து ஏப்ரல் பயிர் போகிறது என்று ஒரு கேள்வி. ரங்கையா 2019, லட்சுமம்மா 2020, சண்முகம் 2018. எட்டு வருஷமாக நாங்கள் திரையில் தேடியது பேனா மையில் வரிசையாக வந்துகொண்டிருந்தது. எனக்கு அது அவ்வளவு சுவாரசியமாக இருந்தது. கடைசியில் அண்ணனுடையது. 2019. அதற்குக் கீழே, பயிர் போன வருஷம் பிழைப்புக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தான்: "சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரி. பழம் தோல் சீவுற வேலை. ஜூன், ஜூலை, நாப்பது நாள்."

2019 ஜூலை. ஏப்ரல் கூடு அமோகம்டி, படி.

ரமணா சார் எழுந்து கோடுகளைக் காட்டிப் பேசியது, அதிகாரி படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது, தெலுங்கில் என்னிடம் ஏதோ கேட்டது, நான் ஏதோ சொன்னது, எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. புதுக்குட்டை ஆறாவது இடத்தில் ஏறியது மட்டும் காதில் விழுந்தது.

வெளியே வந்தேன். மரத்தடியில் எழுந்து நின்றான்.

"இன்னாடி ஆச்சு?"

"கெடச்சிடுச்சுண்ணா. ஆறாவது."

அவன் கண்ணை மூடித் திறந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இப்போது மஞ்சள் எதுவும் இல்லை. சாதாரணக் கை.

"ப்ளீச்சிங் பவுடராண்ணா அது?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டான். ரோட்டில் மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அது போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பயந்த குரலில் கேட்டான்.

"ஏண்டி, அதுவும் மேலேர்ந்து தெரிஞ்சிதா?"

"இல்லண்ணா" என்றேன். "அது மட்டும் தெரியல."